உம் கொட்டும் நேரம்

குளிர்ப்பள்ளத்தில் மாலை ஆறரை மணி என்பது உம் கொட்டும் நேரம்.

அந்த நேரத்தில் ஊர் முழுவதும் காற்றுக்குழாய்களின் இரைச்சலைக் குறைத்துவிடுவார்கள். பனித்துளைப்பான்களும் பாசித்தொட்டிகளும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், அவை நின்றால் ஊரே நின்றுவிடும் என்பதால். வீட்டுக்கு வீடு அப்பா, அம்மா, பிள்ளை என்று எல்லோரும் கூடத்து மெத்தையில் வரிசையாகச் சாய்ந்து, பின்னங்கழுத்தில் படவில்லை என்ற சிறு வட்டை ஒட்டிக்கொள்வார்கள். கண் திறந்தே இருக்கும். ஆனால் எதிரில் இருக்கும் சுவர் தெரியாது, காடு தெரியும். ஒரு மணி நேரம் குடும்பப் படம். கட்டாயம் பார்த்தாக வேண்டும், சட்டம்.

நிலாவின் தென்துருவத்தில், சூரியன் எட்டிப் பார்க்காத பள்ளத்துக்கு அடியில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு மரம், மழை, யானை, அரக்கி எல்லாம் வேண்டும் என்று மனநலத் துறை சொன்னது. கொடுத்துவிட்டார்கள். காற்றைத் தவிர மற்றதையெல்லாம் தாராளமாகக் கொடுப்பது குளிர்ப்பள்ளத்தின் வழக்கம்.

இந்தப் படங்களை யாரும் எடுப்பதில்லை. கதைப்பொறி என்ற இயந்திரம் அந்தந்த வீட்டுக்கென்று அன்றன்றைக்குப் புனையும். மாயக்காடு, செருப்புப் போட்ட ஆமை, நடக்கும் கிணறு, பறக்கும் கட்டில். எல்லாம் குடும்பத்தோடு பார்க்கத் தகுந்தவை. யாரும் சாக மாட்டார்கள். ரத்தம் வராது. பிள்ளையின் பயம் அச்சமானியில் சிவப்புக் கோட்டைத் தொட்டால் போதும், அரக்கிக்கு உடனே தும்மல் வந்துவிடும், பிள்ளை சிரித்துவிடும்.

கதைக்குள் பிள்ளை தனியாகப் போய்விடக் கூடாது, பெரியவர்களும் கூடவே வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. மற்ற மொழிக்காரர்கள் அதற்கு ஒரு பொத்தான் வைத்துக்கொண்டார்கள். அழுத்த அழுத்தப் படம் நகரும். நம்மவர்களுக்குப் பொத்தான் பிடிக்கவில்லை. தமிழ்ப் பதிப்புக்கான குழு, விருந்துகளுக்கு இடையே கூடி யோசித்து, கதை கேட்கிறவர் உம் கொட்டுவதுதான் நம் மரபு, உம் கொட்டாவிட்டால் படம் நிற்க வேண்டும், உம் கொட்டினால் அது சம்மதம் என்று முடிவுசெய்தது. உறுப்பினர் ஒருவர் மட்டும் எழுந்து, நம் ஆட்கள் சரி என்பதற்கும் ‘ம்’ என்பார்கள், சரியில்லை என்பதற்கும் ‘ம்’ என்பார்கள், தூக்கத்திலும் சொல்வார்கள், ஆளை விடு என்பதற்கும் அதையேதான் சொல்வார்கள், இதைப் போய்ச் சம்மதம் என்று சட்டத்தில் எழுதலாமா என்று கேட்டார். மற்றவர்கள் ‘ம்’ என்றார்கள். தீர்மானம் நிறைவேறியது.

ஆக, கதைப்பொறி ஒரு வாக்கியம் சொல்லும். கேட்கிறவர்கள் எல்லோரும் ‘ம்’ என்றதும் சொன்னது கண்முன்னே நடக்கும். ஒருவர் சொல்லாவிட்டாலும் அரக்கி தூக்கிய காலோடு அப்படியே நிற்பாள்.

கொஞ்ச காலம் ஊரில் எல்லா வீட்டு அரக்கிகளும் தூக்கிய காலோடுதான் நின்றார்கள். பெற்றோருக்கு வேலைச் செய்தி வந்துகொண்டே இருந்தது, செவிச்சில்லில் வந்து கண்ணுக்குள் எழுத்தாக ஓடும். படிப்பதா, உம் கொட்டுவதா? இதற்கு மருந்தாக வந்ததுதான் உம்மி. காதுமடலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மிளகளவு சில்லு. வாக்கியம் முடியும் இடம் பார்த்து, உங்கள் தொண்டையையே லேசாக அதிரவைத்து, உங்கள் குரலில் ஒரு ‘ம்’ எடுத்துவிடும். ஒருமுறை நீளமாக, ஒருமுறை குட்டையாக, நடுநடுவே வியப்பாகக்கூட. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இருபத்தோராம் நூற்றாண்டு வீடுகளின் ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். கையில் எதையோ பார்த்துக்கொண்டே பிள்ளைக்கு ‘ம்’ சொல்லும் குரல்கள் அந்தக் காலத்தில் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தன. ‘குடும்ப நேரத் துணைவன்’ என்று பெயர் சூட்டி விற்றார்கள். சட்டம் இதைத் தடுக்கவில்லை. சட்டம் எழுதியவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

பொழிலனும் சுகந்தியும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். அவன் பனித்துளைப்பான்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் வழிநடத்தும் வேலையில் இருந்தான். அவள் ஊருக்கே மூச்சுக் கொடுக்கும் பாசித்தொட்டிகளின் மேற்பார்வையாளர். ஏழு வயதில் ஒரே மகள், தும்பை. அந்தப் பெயருள்ள பூவை மூவருமே பார்த்ததில்லை. இருவரும் கெட்டவர்கள் இல்லை. மகளுக்காகத்தான் இந்த ஓட்டம் என்று நம்பினார்கள், அது உண்மையும்கூட.

தும்பை உம்மியை விளையாட்டாகத்தான் கண்டுபிடித்தாள்.

“அம்மா, இந்த ஆமையைச் சுட்டுச் சாப்பிட்டுடட்டுமா?”

“ம்.”

“அப்பா, நீ ஒரு கத்தரிக்காய்தானே?”

“ம்.”

விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்ச நாள் சிரித்தாள். பிறகு அவர்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, கதைக்குள் இருப்பவர்களிடம் பேசத் தொடங்கினாள். பள்ளியில் நடந்தது, பல் ஆடுவது, பயமாக வந்த கனவு எல்லாம் சொன்னாள். ஆமையும் கிணறும் அரக்கியும் ‘ம்’ சொல்வதற்காகப் படைக்கப்பட்டவர்கள் அல்ல. அவர்கள் “அப்புறம்?” என்று கேட்டார்கள். தன்னிடம் இதற்கு முன் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஒரு மாலை, படம் முடிகிற நேரத்தில் தும்பை அரக்கியின் விரலைப் பிடித்துக்கொண்டு, “நான் இங்கேயே இருந்துடறேன்” என்றாள்.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. கதைவாசம் என்று பெயர். ஏழு வயது நிறைந்த பிள்ளை விரும்பி, பெற்றோரும் சம்மதித்தால், வயது வரும்வரை கதைக்குள்ளேயே வாழலாம். உடல் தொட்டிலகத்தில் தூங்கும். தீராத நோயில் வதைபடும் பிள்ளைகளுக்காகத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். தூங்கும் பிள்ளை கால்பங்குக் காற்றைத்தான் சுவாசிக்கிறது என்பதை யாரோ கவனித்த பிறகு, நோயில்லாத பிள்ளைகளுக்கும் சத்தமில்லாமல் விரித்துவிட்டார்கள். மிச்சமாகும் காற்றில் ஒரு பங்கு பெற்றோருக்கு.

கதைப்பொறி விதிப்படி கதையை நிறுத்தியது. தெளிவான குரலில், பெயர் சொல்லிக் கேட்டது.

“தும்பை கதைவாசியாக விரும்புகிறாள். தாய் சுகந்தி, சம்மதமா?”

சுகந்தி ஒரு தொட்டியில் பாசி பழுப்பாகிறது என்ற செய்தியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ம்.”

“தந்தை பொழிலன், சம்மதமா?”

ஒரே சுரங்கத்தில் எதிரெதிராக வந்துவிட்ட இரண்டு துளைப்பான்களைப் பின்னுக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தான் பொழிலன்.

“ம்,” என்றது உம்மி. அந்த ‘ம்’ கொஞ்சம் நீளமாக, நன்றாக யோசித்துச் சொன்னதுபோல் அமைந்துவிட்டது.

விளக்கு வந்தது. “வா கண்ணு, சாப்பிடலாம்” என்று எழுந்தாள் சுகந்தி. தும்பை எழவில்லை. கண்ணைத் திறந்தபடி, உதட்டில் சிரிப்போடு சாய்ந்திருந்தாள். சுகந்தி அவள் தோளைத் தொட்டாள், குலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள். பொழிலன் மகளின் பின்னங்கழுத்து வில்லையைப் பிய்க்கப் போனபோது வாசற்கதவு திறந்தது. இரண்டு தொட்டில் இயந்திரங்கள் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்து, மிக மென்மையாக அவளைத் தூக்கிக்கொண்டு போயின. பொழிலனும் சுகந்தியும் பின்னாலேயே ஓடினார்கள். தொட்டிலகத்தின் கண்ணாடிக்கு அப்பால் அவர்களுக்கு அனுமதி இல்லை.

திரும்பி வந்தபோது வீட்டில் காற்று நன்றாக இருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி நெஞ்சு நிறைய மூச்சு வாங்கியதில்லை. சுகந்தி தரையில் உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொள்ளப் பார்த்து, முடியாமல் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை கதைவாச மன்றத்தின் கதவு திறக்கும்போது இருவரும் வாசலில் நின்றிருந்தார்கள். அலுவலர் ஆமினா ஐம்பதைத் தாண்டியவர். இந்த நாற்காலியில் உட்கார்ந்து வெகு காலம் ஆகியும் மனம் மரத்துப்போகாதது அவருடைய துரதிருஷ்டம்.

“என் குழந்தையைத் திருப்பிக் குடுங்க,” என்றாள் சுகந்தி. வேறு எதுவும் யோசித்துக்கொண்டு வரவில்லை.

“உக்காருங்கம்மா. ரெண்டு பேருமே சம்மதம் சொல்லியிருக்கீங்களே,” என்று ஆமினா ஒலிப்பதிவைப் போட்டார். கேள்வி கேட்டது. ‘ம்’ கேட்டது. மறுபடி கேள்வி. மறுபடி ‘ம்’.

“அது நான் சொன்னது இல்லைங்க,” என்றான் பொழிலன். “உம்மி சொன்னது.”

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“பக்கத்துலதான் இருந்தேன்.”

“பொறி உங்க பேரைச் சொல்லிக் கேட்டுச்சே, காதுல விழலையா?”

பொழிலன் காதுக்குப் பின்னாலிருந்த சில்லைத் தடவினான்.

“தம்பி, உம்மி சொன்னதுன்னு நான் எழுதினா, பிள்ளையைக் கவனிக்காத பெத்தவங்கன்னு ஆகிடும். அப்படிப்பட்டவங்க கையில பிள்ளையைக் குடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. நீங்களேதான் சொன்னீங்கன்னு எழுதினா, சம்மதம் செல்லும். எப்படி எழுதட்டும், சொல்லுங்க.”

சுகந்தி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“வேற வழியே இல்லையா மேடம்?”

“ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு தடவைதான்.” ஆமினா நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். “மீட்புக் காட்சின்னு பேரு. நீங்க ரெண்டு பேரும் உங்க பிள்ளையோட கதைக்குள்ள போகலாம். அங்க பொறி பேசாது, பிள்ளைதான் கதை சொல்லும். நீங்க கேக்கணும். மத்தபடி விதி அதேதான், அவ ஒண்ணு சொல்லி நீங்க ரெண்டு பேரும் ‘ம்’னா அது நடந்துடும். ‘எல்லாரும் வீட்டுக்குப் போனோம்’னு அவ சொல்லி நீங்க ‘ம்’னா முடிஞ்சுது. கண்ணை முழிச்சிடுவா.”

“அவ அப்படிச் சொல்லுவாளா?”

“சொல்லணும்னுதான்மா எல்லாப் பிள்ளையும் காத்திருக்கு. நான் பார்த்தவரைக்கும்.”

“அப்படின்னா நிறையப் பேர் திரும்பி வந்திருப்பாங்களே?” என்றான் பொழிலன்.

ஆமினா அந்தக் கேள்வியைக் கண்டுகொள்ளவில்லை. “ஒண்ணு மட்டும் சொல்றேன். கெஞ்சாதீங்க. பொம்மை வாங்கித் தரேன், ஊர் சுத்திக் காட்டறேன்னு ஆசை காட்டாதீங்க. அவ சொல்றதைக் கேளுங்க. அது போதும்.”

இருவரின் காதுக்குப் பின்னாலிருந்தும் உம்மியைக் கழற்றித் தட்டில் போட்டார்கள். செவிச்சில்லையும் எடுத்தார்கள். கண்ணுக்குள் ஓடும் எழுத்து நின்றது. அவர்கள் தலைக்குள் இத்தனை அமைதி எப்போதும் இருந்ததில்லை, அதுவே கொஞ்சம் பயமாக இருந்தது. படவில்லையை ஒட்டிக்கொண்டு சாய்ந்தார்கள்.

முதலில் ஈர மண்ணின் வாசனை வந்தது. பிறகு காடு. இரண்டு வருடமாகத் தினமும் வந்த காடு, ஆனாலும் இருவருக்கும் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. எதிரே பச்சை ரோமம் அடர்ந்த ஒரு குன்று இருந்தது. அது மூச்சு விட்டது. குன்றின் மடியில் உட்கார்ந்து, அதன் சுண்டுவிரல் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள் தும்பை.

“வந்துட்டீங்களா,” என்றாள். குரலில் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பார்த்தாள்.

சுகந்தி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அலுவலர் சொன்னதெல்லாம் மறந்துபோனது. “வாடி கண்ணு, வீட்டுக்குப் போயிடலாம். அம்மா உன்னை இனிமே...”

“கதையை முடிச்சுட்டுத்தான்மா போகணும். உக்காரு.” பெரிய மனுஷிபோல் இடம் காட்டினாள். “இவ யாருன்னு தெரியுதா?”

“அரக்கிதானே?” என்றான் பொழிலன்.

“பேரு கொறிச்சி. பொய் மட்டும்தான் சாப்பிடுவா. நம்ம கதைக்கு வந்தப்ப பூனைக்குட்டி மாதிரி இருந்தா.”

“அப்புறம் எப்படி இவ்ளோ பெருசா ஆயிட்டா?”

“நம்ம வீட்டுலதானேப்பா சாப்பிட்டா.”

பொழிலனுக்கு முகம் சுண்டிப்போனது. “இல்லடா, நாங்க தினமும் உன் பக்கத்துலதான உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தோம்...”

கொறிச்சி குனிந்து, அவன் வாய்க்கு முன்னாலிருந்து இரண்டு விரலால் எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “தப்பா எடுத்துக்காதீங்க,” என்றாள் மரியாதையாக. “பழக்கம்.”

தும்பை கதையைத் தொடங்கினாள். ஒரு ஊரில் ஓர் இளவரசி இருந்தாள், அவளுக்கு ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது.

“ம்,” என்றாள் சுகந்தி. “ம்,” என்றான் பொழிலன்.

இருவரும் தங்கள் தொண்டையிலிருந்து தாங்களே எடுத்துச் சொன்ன ‘ம்’. கொறிச்சி ஆசையாக மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, தின்பதற்கு ஒன்றுமில்லாமல் ஏமாந்து தலையை இழுத்துக்கொண்டாள். தும்பை அதைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. குரல் வேகம் பிடித்தது. இளவரசி பல்லைத் தேடி நடக்கும் கிணற்றின் மேல் ஏறிப்போனாள். கிணற்றுக்கு வழி மறந்துவிட்டது. “ம்.” ஆமையிடம் வழி கேட்டார்கள். ஆமையோ ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தது. “ம்.” எது வலது செருப்பு, எது இடது செருப்பு என்று ஆமைக்கே தெரியாது, ஏனென்றால் அதற்கு நாலு கால். சுகந்திக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது. கொறிச்சியின் வயிறு உறுமியது.

பிள்ளைகள் சொல்லும் கதை பெரியவர்கள் சொல்வதுபோல் ஓரிடத்துக்குப் போய்ச் சேராது. அப்புறம், அப்புறம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆமைக்குச் செருப்பு தைக்க ஒரு தையல்காரர் வந்தார். அவருடைய ஊசி தொலைந்தது. ஊசியைத் தேட ஓர் எறும்பு வந்தது. எறும்புக்கு ஒரு தங்கை இருந்தாள்.

சுகந்தி மகளின் நெற்றியில் விழுந்திருந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு அழகாகச் சொல்கிறாள். இவளை இத்தனை நாளாகக் கேட்காமல் போனோமே. வேலை நேரத்தை மாற்றிக் கேட்க வேண்டும், காலை முறைக்குப் போய்விட்டால் மாலையெல்லாம் இவளோடுதான். தொட்டிகளை யாரிடம் ஒப்படைப்பது என்று நினைத்துப் பார்த்தாள். மனதுக்குள் ஓர் ஆள் அகப்பட்டதும் நிம்மதியாக இருந்தது.

“ம்,” என்றாள்.

பொழிலனும் முடிவு எடுத்துவிட்டான். நாளையிலிருந்து வேலைச் செய்தியை ஆறரைக்கு அணைத்துவிட வேண்டும். மேலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன சொல்வது? என் மகள் பேசுவதைவிட உங்கள் துளைப்பான் பெரிதா என்று கேட்டுவிட வேண்டும். அந்த வாக்கியம் அவனுக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் மாற்றி, இன்னும் கடுமையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

“ம்,” என்றான்.

கொறிச்சி அந்த ‘ம்’களை எடுத்து வாயில் போட்டு மெல்லத் தொடங்கினாள்.

தும்பை அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு கணம் நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். இருவரும் அன்பாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலை மாற்றவில்லை. அழவும் இல்லை. எறும்பின் தங்கையைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

“அப்ப அந்த இளவரசி அவங்க அப்பா அம்மாகிட்ட, என் அரக்கி பேரை மட்டும் சொல்லுங்க, உங்ககூட வந்துடறேன்னு சொன்னா.”

“ம்.”

“ம்.”

தும்பை காத்திருந்தாள். கொறிச்சிகூட மெல்லுவதை நிறுத்திவிட்டு, அவர்களைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். தன் பேரைத் தானே சொல்ல அவளுக்கு விதி இடம் தரவில்லை.

“ஆனா அவங்களுக்குத் தெரியலை.”

“ம்.”

“ம்.”

“அதனால அவங்க ரெண்டு பேர் மட்டும் வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்க.”

“ம்,” என்றாள் சுகந்தி, மகளின் முடியை ஒதுக்கிவிடக் கையை நீட்டியபடி.

“ம்,” என்றான் பொழிலன்.

மன்றத்தின் வெள்ளைச் சுவர் எதிரே இருந்தது. சுகந்தியின் கை இன்னும் காற்றில் நீண்டிருந்தது.

“ஏன் மேடம் நிறுத்திட்டீங்க?” என்று எழுந்தான் பொழிலன். “நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு. அவ வர்றதுக்கு மனசு வெச்சுட்டா, எனக்குத் தெரியும். திரும்பப் போடுங்க.”

“நான் நிறுத்தலை தம்பி,” என்றார் ஆமினா.

“அப்ப உம்மி ஏதோ கோளாறு பண்ணியிருக்கு. நீங்க சரியா அணைக்கலை.”

ஆமினா தட்டை அவன் பக்கம் தள்ளினார். இரண்டு உம்மிகளும் அதில் கிடந்தன.

பொழிலன் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான். “கடைசியா அவ என்ன சொன்னா?”

சுகந்தி நீட்டியிருந்த கையை மெல்ல மடியில் இறக்கினாள். “நீங்க கேட்டுக்கிட்டிருக்கீங்கன்னுதான நான் நெனச்சேன்.”

அப்புறம் ஆமினா, தும்பை கடைசியாகச் சொன்ன மூன்று வாக்கியங்களையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இருவரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள்.